பேரிடர்ப் பட்டியலில் இடம்பெறாத குளத்துக் கரைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் மாவட்டந்தோறும் நடக்கும் முன்னெச்சரிக்கை ஆய்வுக் கூட்டங்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் ஆண்டுதோறும் செய்தி வெளியிட்டு வருகிறது. மாவட்டத்தில் வெள்ளப் பாதிப்புக்கு உள்ளாகும் இடங்கள் எத்தனை, தயாராக உள்ள மணல் மூட்டைகள் எத்தனை, நிவாரண முகாம்கள் எத்தனை என்ற எண்கள் அந்தச் செய்தியில் தவறாமல் இடம்பெறும். அந்த முதல் எண் எப்படி உருவாகிறது, தூத்துக்குடி போன்ற, கிராமங்கள் நிறைந்த மாவட்டம் ஒன்றுக்கு அது எவ்வளவு தூரம் பயன்படும் என்பது பற்றி, வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று ஏரல் வட்டத்தில் வசிப்பவன் என்ற முறையில் சில கருத்துகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தமிழ்நாடு முழுவதும் பாதிப்புக்குள்ளாகக்கூடிய 4,399 இடங்கள் கண்டறியப்பட்டுள்ளதாகச் சில ஆண்டுகளுக்கு முன் மாநில அரசு அறிவித்தது. அவற்றில் 321 இடங்கள் மிக அதிகப் பாதிப்பு, 797 இடங்கள் அதிகப் பாதிப்பு, 1,096 இடங்கள் மிதமான பாதிப்பு, எஞ்சிய 2,185 இடங்கள் குறைந்த பாதிப்பு என நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டன. பிரித்ததற்கு அளவுகோல் தண்ணீர் தேங்கும் ஆழம். ஐந்து அடிக்கு மேல் தேங்கினால் மிக அதிகம். மூன்றிலிருந்து ஐந்து அடி வரை அதிகம். இரண்டிலிருந்து மூன்று வரை மிதம். இரண்டடிக்குக் கீழே குறைவு. எந்த அளவுகோலும் இல்லாமல் இருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் ஆழத்தை மட்டும் அளக்கும் பட்டியல், மழைநீர் வடிய வழியில்லாத நகரத் தெருவுக்குப் பொருந்துமே தவிர, குளங்களும் கால்வாய்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஊர்ப்புறத்துக்குப் பொருந்தாது. இங்கே ஆபத்து தேங்கும் தண்ணீரில் இருப்பதைவிட, உடைத்துக்கொண்டு ஓடிவரும் தண்ணீரில்தான் அதிகம் இருக்கிறது. அது எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வேகத்தில் வரும் என்பதற்கும், வந்தபின் ஊரை விட்டு வெளியேறப் பாதை இருக்குமா என்பதற்கும் அந்த நான்கு வகைகளில் இடமில்லை.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நடந்தவற்றை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். 18-ஆம் தேதி காலை எட்டரை மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, கோவில்பட்டியில் 53 சென்டிமீட்டர். மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழையே ஏறத்தாழ 66 சென்டிமீட்டர்தான் என்ற நிலையில், ஓராண்டு மழையைவிட அதிகமாக ஒரே நாளில் ஓர் ஊரில் கொட்டியது. இத்தனைக்கும் அன்று வந்தது பெயர் சூட்டப்பட்ட புயல் அல்ல. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்கூட அல்ல. குமரிக் கடல் பகுதியில் நிலைகொண்ட வளிமண்டலச் சுழற்சி ஒன்றே இதைச் செய்தது. இரண்டு வாரங்களுக்கு முன் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்திருந்ததால் எல்லோருடைய கவனமும் வடக்கே இருந்தது. புயல் என்றால் பெயர் வைக்கிறோம், துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறோம், தொலைக்காட்சிகள் மணிக்கொரு முறை அது எங்கே நிற்கிறது என்று சொல்கின்றன. பெயரில்லாத மழைக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

தூத்துக்குடி, திருநெல்வேலி ஆகிய இரு மாவட்டங்களிலுமாக முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாக அரசு அறிவித்தது. வெள்ளத்தில் மூழ்கியவர்கள் மட்டுமின்றிச் சுவர் இடிந்து இறந்தவர்களும் அதில் அடங்குவர். அந்த நாட்களில் நாட்டின் கவனத்தை ஈர்த்த நிகழ்ச்சி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனதாகும். நிலையம் மூழ்கவில்லை; தண்டவாளத்தின் கீழிருந்த சரளைக் கல் அரித்துச் செல்லப்பட்டு, சுற்றியுள்ள சாலைகளும் துண்டிக்கப்பட்டதால் பயணிகள் அங்கேயே சிக்கினர். அருகிலிருந்த புதுக்குடி ஊர் மக்கள், தங்கள் வீட்டு நிலைமை எப்படியிருந்தபோதிலும், சமைத்துப் பரிமாறினார்கள். ஆழ அளவுகோலின்படி பார்த்தால் அந்த நிலையம் எந்த வகையிலும் வராது. ஓர் அடித் தண்ணீர்கூடத் தேங்காத மேடு அது. ஆனால் அன்றைக்கு அந்தப் பகுதியில் மிகுந்த ஆபத்தில் இருந்தவர்களுள் அந்தப் பயணிகளும் அடங்குவர். துண்டிக்கப்படும் ஆபத்து, மூழ்கும் ஆபத்துக்குச் சற்றும் குறைந்தது அல்ல. பிரசவ நாள் நெருங்கியவரும், சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை போகவேண்டியவரும் இருக்கும் ஊருக்கு ஒரே ஒரு தரைப்பாலம்தான் வழி என்றால், அந்த ஊரில் ஓர் அங்குலத் தண்ணீர் நிற்காவிட்டாலும் அது பட்டியலின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தாமிரபரணிப் பாசனத்தை அறியாத வாசகர்களுக்காக அதன் அமைப்பைச் சொல்கிறேன். ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. ஏழாவது மருதூர், எட்டாவதும் கடைசியுமானது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஸ்ரீவைகுண்டம். மருதூரிலிருந்து மேலக்காலும் கீழக்காலும், ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வடகாலும் தென்காலுமாகக் கால்வாய்கள் பிரிகின்றன. இந்த நான்கு கால்களின் தண்ணீரை வாங்கி ஐம்பதுக்கும் மேற்பட்ட குளங்கள் சுமார் 46,000 ஏக்கர் நிலத்துக்குப் பாய்ச்சுகின்றன. ஒரு குளம் நிரம்பினால் அதன் மறுகால் (மிகைநீர் வெளியேறும் வழி) தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. கடைசிக் குளத்தின் மறுகால் ஓடை வழியாகக் கடலைச் சேரும். பஞ்ச காலத்தில் ஒரு சொட்டும் வீணாகாமல் இருக்க முன்னோர் செய்த ஏற்பாடு இது. அதே ஏற்பாட்டில், மேலே உள்ள ஒரு குளம் உடைந்தால் அதன் முழுக் கொள்ளளவும் கீழே உள்ள குளத்தின் மேல் ஒரு சில மணி நேரத்தில் வந்து விழும். கீழ்க்குளத்துக் கரை எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் அந்தத் தாக்குதலைத் தாங்காது. எனவே ஒரு குளத்தின் ஆபத்தை அந்தக் குளத்தை மட்டும் பார்த்து மதிப்பிட முடியாது. அதற்கு மேலே உள்ள அத்தனை குளங்களின் ஆபத்தும் அதன் தலையில்தான் இறங்குகிறது.

தூத்துக்குடி நகரின் ஓரத்தில் உள்ள கோரம்பள்ளம் குளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வடகால் பாசனத்தின் கடைசிக் குளம் அது. வடக்கே கரிசல் காட்டிலிருந்து வரும் ஓடைத் தண்ணீரும் அதில்தான் சேர்கிறது. 2023-ல் கோவில்பட்டிப் பக்கம் கொட்டிய மழையும் ஆற்றுப் பக்கத்து மழையும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்ததில் அந்தக் குளம் உடைந்து, நகரின் புறப்பகுதிகள் மூழ்கி, அந்தோணியார்புரம் அருகே திருநெல்வேலி நெடுஞ்சாலையும் துண்டிக்கப்பட்டது. ஒரு வட்டத்தில் பெய்த மழை வேறொரு வட்டத்தில் குளத்தை உடைத்து மூன்றாவது வட்டத்தில் வீட்டை இடிக்கிறது. மழையோ மாவட்ட எல்லையையும் மதிப்பதில்லை. அதே நாளில் திருநெல்வேலி மாவட்டத்து மூலைக்கரைப்பட்டியில் 60 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த மழையின் ஒரு பகுதி, கருமேனியாறு வழியாகச் சாத்தான்குளம் பகுதிக்குள் இறங்கியது. நம் பட்டியல்களோ வட்டம், குறுவட்டம், வருவாய்க் கிராமம் என்ற வரிசையில் தயாராகின்றன. நில வரி வசூலிக்கப் போடப்பட்ட எல்லைகள் அவை.

இனி, பட்டியல் தயாரிக்கும் ஊழியரின் கண்ணில் படவேண்டியவை எவை என்பதை ஒரு குளத்துக் கரையில் நின்று சொல்கிறேன். முதலில் மறுகால். கற்கட்டுமானத்தின் மேல் தளத்தில், கூடுதலாக அரை அடித் தண்ணீரைத் தேக்கிக்கொள்வதற்காக ஆயக்கட்டுக்காரர்கள் (அந்தக் குளத்துப் பாசனத்தில் பயிர் செய்பவர்கள்) கல்லும் மண்ணும் அடுக்கி வைத்திருப்பார்கள். பிசானப் பருவ நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் செய்வது அது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. குளத்தின் உள்வாயில், அதாவது நீர் பரவும் உட்பகுதியில், பயிர் வைத்தவர்களுக்கோ தண்ணீர் மட்டம் ஏறக் கூடாது. அவர்கள் அந்தக் கல்லை இரவில் உருட்டிவிடுவார்கள். இந்த இழுபறி எந்தக் குளத்தில் எந்த அளவுக்கு நடக்கிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எந்தப் பதிவேட்டிலும் இராது. அடுத்து, குளத்து நீரைப் பாசனத்துக்குத் திறந்துவிடும் மடை. அடைப்பலகையை ஏற்றி இறக்கும் திருகுக்கம்பி துருப்பிடித்து வளைந்து, சாக்கு மூட்டையைத் திணித்துத் தண்ணீரை அடைத்திருப்பதை எத்தனையோ குளங்களில் காணலாம். நள்ளிரவில் அவசரமாகத் திறக்க வேண்டிவந்தால் அந்த மடை திறக்காது. மூன்றாவது கரையின் தலைப்பு. டிராக்டரும் டிப்பரும் ஓடி ஓடி, நடுப்பகுதியில் ஒரு முழம் தாழ்ந்துபோன இடங்கள் இருக்கும். மறுகாலில் போகவேண்டிய தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் கரையைத் தாண்டினால், மண் கரை கரைய அதிக நேரம் பிடிக்காது. நான்காவது, மறுகால் ஓடை. நூறடி அகலம் இருந்த ஓடை வயல்களுக்கு நடுவே சுருங்கி, அமலை என்னும் நீர்க்களைச் செடியும் சீமைக்கருவேலமும் அடைத்து, சாலையைக் கடக்கும் இடத்தில் இரண்டு சிமென்ட் குழாய்களுக்குள் நுழைய வேண்டியிருக்கும். வெள்ளம் அந்தக் குழாயைப் பொருட்படுத்துவதில்லை. சாலையையே தள்ளிக்கொண்டு போய்விடும். ஏரல் பாலமே அந்த வெள்ளத்தில் சேதமடைந்தபோது ஊர்ப்புறச் சாலைக் குழாய்கள் எம்மாத்திரம்?

இவை நான்கையும் பார்க்கப் பொறியியல் படிப்பு தேவையில்லை. மறுகாலின் அகலம், கரையின் மிகத் தாழ்ந்த புள்ளி, மடையின் நிலை, ஓடையின் மிகக் குறுகிய இடம் என்று நான்கே விவரங்களை ஒவ்வொரு குளத்துக்கும் ஒரே படிவத்தில் எழுதி, மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தினால், எந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி முதலில் அறும் என்பது பெருமளவுக்குத் தெரிந்துவிடும். குளங்களைப் பராமரிக்கும் நீர்வளத் துறையிடமும் ஊராட்சிகளிடமும் பாதி விவரம் ஏற்கெனவே உள்ளது. மீதிப் பாதி, மடை திறந்து அடைக்கும் நீர்பாய்ச்சிகளிடமும் பாசன சங்கத்தாரிடமும் உள்ளது. எந்தக் கரையில் எந்த இடத்தில் கசிவு வரும், எந்த ஆண்டில் எங்கே உடைத்தது என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆய்வுக் கூட்டத்துக்கு அவர்களை யாரும் அழைப்பதில்லை. துறைவாரியான அறிக்கையில் பாசனக் குளங்கள் என்ற தலைப்பு, மேசைக்குத் தேநீர் வந்து சேருவதற்குள் முடிந்துவிடுகிறது.

முந்தைய பாதிப்பை மட்டும் வைத்து எதிர்காலத்தைக் கணிப்பதிலும் ஒரு கோளாறு உண்டு. 2023-க்கு முன்பு எங்கள் பகுதியில் வெள்ளம் என்றால் 1992 நவம்பரில் வந்ததுதான் உச்சம் என்று எல்லோரும் எண்ணியிருந்தோம். அந்த ஆண்டு தண்ணீர் ஏறாத வீட்டுக்கு இனி எப்போதும் ஏறாது என்ற நம்பிக்கையில்தான் பலர் டிசம்பர் 17 இரவு வீட்டை விட்டு நகரவில்லை. இப்போது 2023-ஐ அந்த இடத்தில் வைத்திருக்கிறோம், அதுவும் தவறாகும். நூறாண்டுக்கு ஒரு முறை வரும் மழை என்று நிபுணர்கள் சொல்வதைப் பலரும் இன்னும் நூறு வருடம் கவலையில்லை என்று புரிந்துகொள்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கு ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டுக் கடனில் வீடு கட்டும் ஒருவர், அந்தக் கடன் முடிவதற்குள் அத்தகைய மழையை ஒரு முறையாவது காண்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு இருபத்தாறு. கடல் சூடேறி வரும் இக்காலத்தில் அந்த நூறாண்டுக் கணக்கே பழையதாகி வருகிறது என்பது வேறு விஷயம்.

எச்சரிக்கை பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மழைக்கு முன் வானிலைத் துறை உரிய எச்சரிக்கை கொடுத்ததா, மாநில அரசு உரிய நடவடிக்கை எடுத்ததா என்று டெல்லியும் சென்னையும் பல நாட்கள் வாதிட்டன. அந்த வாதத்தில் கவனிக்கப்படாமல் போன செய்தி ஒன்று உண்டு. வானிலைத் துறையின் வகைப்பாட்டில் 24 மணி நேரத்தில் 20.45 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால் அது அதிகனமழை. அதற்கு மேல் வகையே இல்லை. 21 சென்டிமீட்டருக்கும் 95 சென்டிமீட்டருக்கும் ஒரே பெயர், ஒரே சிவப்பு நிறம். முன்னதற்குக் குளம் மறுகால் போகும். பின்னதற்குக் குளமே இருக்காது. அதனால்தான் மழை எவ்வளவு என்பதோடு நில்லாமல், இவ்வளவு மழை பெய்தால் இந்தக் குளம் இத்தனை மணி நேரத்தில் நிரம்பும், இந்த ஊருக்குத் தண்ணீர் இந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்லக்கூடிய கணக்கு முன்கூட்டியே போட்டு வைக்கப்பட வேண்டும் என்கிறேன். மாநில அரசு 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் அமைக்கும் திட்டத்தை மேற்கொண்டது பாராட்டுக்குரியது. ஆனால் மழைமானி வானத்திலிருந்து விழுந்ததைச் சொல்லும். குளத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைச் சொல்லாது. பாபநாசத்திலும் மணிமுத்தாறிலும் அணை நீர்மட்டம் தினமும் நாளிதழ்களில் வருகிறது. 2023-ல் மழையின் பெரும்பங்கு அந்த அணைகளுக்குக் கீழே சமவெளியில் பெய்தது. அணை மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஏரலில் என்ன வரப்போகிறது என்று தெரிய வழியில்லை.

மதிப்பீட்டின் மறுபாதி, பாதிக்கப்படுபவர் யார் என்பது. இதில் நடைமுறையில் உள்ள முறைகள் ஏழைகளுக்கு எதிராகச் சாய்ந்திருக்கின்றன என்று சொல்லத் தயங்க மாட்டேன். மத்திய அரசின் கட்டடப் பொருள் மற்றும் தொழில்நுட்ப மேம்பாட்டு மன்றம் வெளியிடும் பாதிப்பு வரைபடத் தொகுப்பின் மூன்றாம் பதிப்பு 2019-ல் வந்தது. மண் சுவர், செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, கான்கிரீட் கூரை என்று மாவட்டவாரியாக வீடுகளைக் கணக்கிட்டு, எந்த இயற்கைச் சீற்றத்துக்கு எந்த வீடு தாங்கும் என்று காட்டும் பயனுள்ள தொகுப்பு அது. ஆனால் அதன் வீட்டு விவரம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது; மாவட்டத்தோடு அது நின்றுவிடுகிறது, ஊரளவுக்கு இறங்குவதில்லை. மற்றொரு முறை, இழப்பை ரூபாயில் கணக்கிடுவது. அப்படிக் கணக்கிட்டால் நகரத்தில் ஒரு கிடங்கு நனைந்த இழப்பு, ஒரு கிராமமே தன் ஆடு மாடுகளையும் விதைநெல்லையும் இழந்ததைவிடப் பெரிதாகத் தெரியும். விலை குறைந்த பொருள்களை மட்டுமே உடைமையாகக் கொண்டவர்கள் அந்தக் கணக்கில் ஆபத்தில்லாதவர்களாக ஆகிவிடுகிறார்கள். ஆபத்தை அளக்கும்போது, இழந்ததை மீட்டெடுக்க அந்தக் குடும்பத்துக்கு எத்தனை மாதம் அல்லது எத்தனை ஆண்டு ஆகும் என்று கேட்பதே நேர்மையான கேள்வி.

வாழை இதற்குச் சரியான சான்று. ஏரல், ஸ்ரீவைகுண்டம், குரும்பூர்ப் பகுதிகளில் வாழை வைப்பவர்களில் பலர் சொந்த நிலமில்லாத குத்தகைதாரர்கள். ஏக்கருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கடன் வாங்கிப் போட்டு, பத்து மாதம் கழித்துத் தாரைப் பார்ப்பவர்கள். அடங்கல் என்னும் கிராமப் பயிர்ப் பதிவேட்டில் நில உரிமையாளரின் பெயர் இருக்கும்; குத்தகை வாய்மொழியாக இருக்கும். நிவாரணம் அறிவிக்கப்படும்போது பணம் போய்ச் சேருமிடம் வேறு, இழப்பு விழுந்த இடம் வேறு என்றாகிறது. அந்த வெள்ளத்துக்குப் பின் 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல் உள்ளிட்ட பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஏக்கருக்கு ஏழாயிரத்துக்கும் குறைவு. குடும்பங்களுக்கான உதவியோ வட்டம் வாரியாக, கடுமையாகப் பாதித்த வட்டங்களுக்கு 6,000 ரூபாயும் மற்றவற்றுக்கு 1,000 ரூபாயும் என வழங்கப்பட்டது. அவசரத்தில் அப்படித்தான் செய்ய முடிந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வட்டத்தின் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தொகை, அந்தப் பக்கம் ஒரு தொகை என்று ஆனதற்குக் காரணம், தண்ணீர் எங்கெல்லாம் போகும் என்ற கணக்கு முன்பே கையில் இல்லாமல் போனதுதான். மதிப்பீடு சரியாக இருந்தால் நிவாரணமும் சரியாக இருக்கும்.

இதே மாவட்டத்தின் வடபகுதியான விளாத்திகுளம், எட்டயபுரம், புதூர் கரிசல் பூமிக்கு வேறு கணக்கு வேண்டும். அங்கே வறட்சியே முதல் ஆபத்து. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டதை நினைவுகூரலாம். மானாவாரிக் காட்டில் வேலை செய்வோருக்கு மின்னல் மற்றோர் ஆபத்து. நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்னலால் இறக்கின்றனர். ஒருவர் இருவராக இறப்பதால் அது யாருக்கும் பேரிடராகத் தோன்றுவதில்லை. கடற்கரை ஊர்களுக்கு 2004 சுனாமிக்குப் பின் ஓரளவு கவனம் கிடைத்துவிட்டது. ஆற்றுப் பாசனப் பகுதி, கரிசல் பூமி, கடற்கரை ஆகிய மூன்றும் ஒரே மாவட்டம் என்பதால் ஒரே அறிக்கையில் சராசரி போட்டு எழுதுவது, எவருக்கும் பயன்படாத அறிக்கையாக முடியும்.

அறிக்கை நன்றாக எழுதப்பட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் கெர் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), குவாடலூப் ஆற்றங்கரையில் அமைந்த ஊர்ப்புறப் பகுதி. அந்த ஆற்றில் திடீர் வெள்ளம் வரும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 1987-ல் முகாமுக்கு வந்த பதின்வயதினர் பத்துப் பேர் அதே ஆற்றில் இறந்திருக்கிறார்கள். அந்தக் கவுண்டியின் பேரிடர்த் தணிப்புத் திட்டமும் வெள்ள ஆபத்தைத் தெளிவாகவே பதிவு செய்திருந்தது. ஆற்றங்கரையில் எச்சரிக்கை அமைப்பு வைப்பது பற்றிப் பல ஆண்டுகள் பேசினார்கள்; அதற்குக் கேட்ட மானியம் கிடைக்கவில்லை; பேச்சு பேச்சோடு நின்றது. 2025 ஜூலை 4 விடியற்காலையில் வந்த வெள்ளத்தில் அந்த ஒரு கவுண்டியில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். வசதியும் நிபுணத்துவமும் மிகுந்த நாட்டிலேயே, ஆபத்தை எழுதி வைத்த ஏட்டுக்கும் ஆற்றங்கரையில் தூங்கியவருக்கும் இடையே தொடர்பு அறுந்து கிடந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

நம் நாட்டில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டம் வேண்டும், அதில் எந்தெந்தப் பகுதி எந்தெந்தப் பேரிடருக்கு உள்ளாகும் என்ற விவரம் இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் மறு ஆய்வு செய்து புதுப்பிக்க வேண்டும் என்கிறது. திட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக, மாவட்ட இணையதளத்தில் இருக்கின்றன. எந்தக் குளத்தின் கரையில் தன் வீடு இருக்கிறதோ அந்தக் குளத்தைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிந்த ஒருவரை எங்கள் ஊரில் நான் இதுவரை சந்திக்கவில்லை.

இதற்குச் செலவு ஆகுமே என்று கேட்பார்கள். மாவட்டம் முழுவதற்கும் விரிவான நீரியல் ஆய்வு செய்யச் செலவு ஆகும்தான். அதைப் பல்கலைக்கழகங்களும் நீர்வளத் துறையும் நிதானமாகச் செய்யட்டும். மேலே சொன்ன நான்கு விவரப் படிவத்துக்கு, ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு கிராம நிர்வாக அலுவலரும் ஒரு நீர்பாய்ச்சியும் ஒரு முற்பகல் நேரமும் போதும். மற்றோர் எதிர்ப்பு உண்மையில் வலுவானது: ஆபத்தான பகுதி என்று வெளிப்படையாக அறிவித்தால் நிலத்தின் விலை சரியும், அதனால் ஊராரே எதிர்ப்பார்கள் என்பது. ஏற்கெனவே ஓடையை மனைகளாகப் பிரித்து விற்றவர்களுக்கு அந்த அறிவிப்பு கசக்கும் என்பது உண்மைதான். அந்த மனையை அறியாமல் வாங்கி, ஆயுள் சேமிப்பைக் கொட்டி வீடு கட்டியவர் பக்கம் நின்று பார்த்தால் அறிவிப்பு வேண்டும் என்றே சொல்லத் தோன்றுகிறது. கூடவே ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஆபத்துப் பட்டியல் என்ற பெயரில் ஓடைக்கரைக் குடிசைகளை மட்டும் அகற்றிவிட்டு, அதே ஓடையைச் சுருக்கிய மதில்களையும் சாலைகளையும் விட்டுவைக்கும் வழக்கத்துக்கு இந்தப் படிவம் துணைபோகக் கூடாது. ஓடையின் மிகக் குறுகிய இடம் எது என்ற பத்தியில், அதைக் குறுக்கியது அரசுச் சாலைக் குழாயாக இருந்தாலும் அப்படியே எழுதப்பட வேண்டும்.

ஆகவே தங்கள் நாளிதழ் வழியாக மாவட்ட நிர்வாகத்துக்கு நான் வைக்கும் கோரிக்கைகள் இரண்டே. 2023 டிசம்பரில் உடைந்த குளங்கள், கால்வாய்க் கரைகள் ஒவ்வொன்றின் பெயரையும், உடைந்த இடத்தையும், அது அடைக்கப்பட்ட விதத்தையும், அந்தத் தண்ணீர் சென்ற வழியில் இருந்த ஊர்களையும் தமிழில் பட்டியலிட்டு வெளியிட வேண்டும். தற்காலிகமாக மண் கொட்டி அடைத்தவை எவை, முறையாகக் கட்டி முடித்தவை எவை என்பதும் அதில் இருக்க வேண்டும். இரண்டாவதாக, அக்டோபர் 2-ஆம் தேதி நடக்கும் கிராம சபைக் கூட்டத்தில், அந்தந்த ஊருக்கு மேலே உள்ள குளங்களின் நிலையைப் பொருளாக வைத்து, அவற்றின் நீர்பாய்ச்சிகளையும் அழைத்து, படிவத்தை வாய்விட்டுப் படித்து, ஊராரின் திருத்தங்களையும் எழுதிக்கொண்டு தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகுதான். மடையின் திருகுக்கம்பியை மாற்றவும், மறுகால் ஓடையில் அமலைச் செடியை அள்ளவும் அந்த இடைவெளி போதுமானது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்,
ஏரல் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.